‘ஃபுல் செட்டா எடுத்துக்கோங்க ப்ரோ’: பழைய பெரிய கடல் மீன் தொட்டிக்கு மாறும் முன் தெரிய வேண்டியவை

ஒரு காட்சி. வேளச்சேரியில் மூன்றாவது மாடி வாடகை வீடு. ஹாலின் மூலையில் இரண்டு அடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதில் ஒரு ஜோடி கோமாளி மீன்கள், நாலைந்து மென் பவளங்கள், ஒரு துப்புரவு இறால். ஒன்றரை வருடமாக எல்லாம் நன்றாகவே ஓடுகிறது. திடீரென்று ஒரு நாள் போனில் ஒரு விளம்பரம்: நாலடி தொட்டி, ஸ்டாண்ட், சம்ப், சில்லர், லைட், உள்ளே இருக்கும் பாறை, பவளம், மீன் எல்லாம் சேர்த்து புதுசின் பாதி விலைக்கும் கீழே. விற்பவர் ஊர் மாறிப் போகிறார். ‘ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துக்கணும், ஃபுல் செட்டா எடுத்துக்கோங்க ப்ரோ’.

கடல் மீன் வளர்ப்பவர்கள் பலருடைய வாழ்க்கையிலும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். பாதிப் பேருக்கு அது சந்தோஷமாக முடிகிறது. மீதிப் பேருக்கு, அடுத்த வாரமே மீன்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்கின்றன. அல்லது நள்ளிரவில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். தமிழ்நாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த ‘ஃபுல் செட்’டுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து, வாங்குபவர் மீது வனத்துறை வழக்கே பாயலாம்.

அதனால் கண்ணாடிக்கு முன்னால் சட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

பவளம் வாங்கலாமா, கூடாதா?

நம் நாட்டில் கடினப் பவளங்கள் புலிக்கும் யானைக்கும் இணையான பாதுகாப்பில் இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பாறை கட்டும் கடினப் பவளங்கள், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவை சேர்க்கப்பட்டன. இவற்றைக் கடலிலிருந்து எடுப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். உயிரோடு இருந்தாலும் சரி, வெள்ளை எலும்புக்கூடாக ஷோகேஸில் இருந்தாலும் சரி. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம் என்கிறது திருத்தப்பட்ட சட்டம்.

‘இது இந்தோனேசியாவில் இருந்து வந்த பீஸ், நம்ம கடல்ல எடுத்தது இல்ல’ என்று விற்பவர் சொல்லலாம். உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால், கடினப் பவளங்கள் சைட்டிஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. முறையான ஏற்றுமதி, இறக்குமதி ஆவணங்கள் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. 2022-இல் நிறைவேறி, 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம் இன்னொரு படி மேலே போகிறது. சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்பவர்கள் அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். கை மாற்றினால் அதையும் தெரிவிக்க வேண்டும். அதாவது, பேப்பர் இல்லாத பவளத்தை பேப்பர் இல்லாமலே இன்னொருவர் தலையில் கட்டுவதுதான் பல ‘ஃபுல் செட்’ விற்பனைகளின் உண்மையான உள்ளடக்கம். விற்றவர் ஊர் மாறிப் போய்விடுவார். பவளம் யார் ஹாலில் இருக்கிறதோ, கேள்வி அவரிடம்தான் வரும்.

லைவ் ராக் விஷயத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். ‘வெறும் கல்லுதானே?’ என்று தோன்றும். ஆனால் லைவ் ராக் எனப்படுவது பெரும்பாலும் இறந்த பவளத்தின் எலும்புக்கூடு. அதன் துளைகளில் பாக்டீரியாவும் புழுக்களும் குடியிருப்பதால்தான் ‘லைவ்’ என்ற அடைமொழி. நம் கடற்கரையிலிருந்து அள்ளி வந்த பவளக்கல், சட்டத்தின் பார்வையில் கல் அல்ல.

இந்தக் கடுமைக்குக் காரணம் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். கடற்கரைத் தீவுகளுக்கு அந்தப் பாறைகள்தான் அலைத் தடுப்பு. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில்.

சரி, அப்படியானால் என்னதான் வைத்துக்கொள்ளலாம்? லெதர் கோரல், சீனியா, காளான் பவளம், சோவாந்திட் போன்றவை கடினப் பவள வகையில் சேராதவை. சைட்டிஸ் பட்டியலிலும் இவை இல்லை. இவற்றையும் பில் கொடுக்கும் கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம். பாறைக்குப் பதில் செராமிக்கிலும் சிமென்ட்டிலும் செய்த செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. பார்க்க முதலில் கொஞ்சம் பிளாஸ்டிக் மாதிரித்தான் இருக்கும். ஆறு மாதத்தில் ஊதா நிறப் பாசி படர்ந்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. மீன்களைப் பொறுத்தவரை, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கோமாளி மீன், டாம்செல் வகைகளைக் குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. தொட்டியில் பிறந்த மீன், தொட்டியில் வாழவும் எளிதாகப் பழகும்.

ஆக, அந்த விளம்பரத்துக்குச் சொல்ல வேண்டிய முதல் பதில்: ‘டேங்க், ஸ்டாண்ட், மெஷின் மட்டும் போதும் ப்ரோ’. சந்தேகமான உயிரினம் ஏதாவது உள்ளே இருந்தால், விலை பேசும் முன் மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பெரிய தொட்டி எதற்கு?

‘அழகுக்கு’ என்பது பாதி பதில். மீதிப் பாதி கணக்கு.

இரண்டு அடி தொட்டியில் சுமார் 60 லிட்டர். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 430 லிட்டர். சென்னை வெயிலில் சின்னத் தொட்டியிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் போகும், உப்பு போகாது. மூன்று நாள் ஊருக்குப் போய் வந்தால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 36.8 ஆகியிருக்கும். பெரிய தொட்டியின் மேற்பரப்பு நாலு மடங்கு. அதனால் நாளைக்கு நாலு லிட்டர் ஆவியாகும். ஆனால் கொள்ளளவு ஏழு மடங்கு என்பதால், அதே மூன்று நாளில் உப்பு 36-ஐத்தான் தொடும். வெப்பம், அமோனியா, சுண்ணாம்புச் சத்து எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தப்பு செய்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். தப்பைத் திருத்த ஆகும் செலவும் ஏழு மடங்கு என்பதை விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை.

தரை தாங்குமா?

தண்ணீர் மட்டும் 440 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் தொட்டியே 85 கிலோ வரும். பாறை, மணல், ஸ்டாண்ட், கீழே சம்ப்பில் இருக்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்தால் 700 கிலோவை நெருங்கும். ஆளுக்கு 70 கிலோ எடையுள்ள பத்துப் பேர், எட்டு சதுர அடிக்குள் இரவும் பகலும் நகராமல் நிற்பது போல.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, வீடுகளின் அறைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற பளுவை வைத்து வடிவமைக்கச் சொல்கிறது. தொட்டி நிற்கும் இடத்தில் மட்டும் பார்த்தால் அதைப் போல நாலு மடங்குக்கும் மேல். இதைப் படித்துப் பதறவும் வேண்டாம். அந்த 200 கிலோ அறை முழுக்கப் பரவிய பளுவுக்கான கணக்கு. பீமுக்கு மேலோ, சுவரை ஒட்டியோ வைத்தால் நிலைமை வேறு. தளத்தின் நட்ட நடுவில் வைத்தால் வேறு. எந்தப் பக்கம் பீம் ஓடுகிறது என்பதை ஹாலில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது, கீழ்வீட்டு சீலிங்கைப் பார்த்தால் பல சமயம் தெரியும். முதல் மாடிக்கு மேல் என்றால், ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து வந்து காட்டும் செலவு இந்த மொத்தத் திட்டத்தில் மிகச் சின்னது. தூண் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி வேண்டவே வேண்டாம். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம். அட்வான்ஸ் பணம் அவரிடம்தானே இருக்கிறது!

கண்ணாடியை எப்படிப் பார்ப்பது?

பழைய தொட்டியில் கண்ணாடி பெரும்பாலும் பிரச்சினை செய்யாது. பிரச்சினை, கண்ணாடிகளை இணைக்கும் சிலிக்கானில். மூலைகளில் விரல் நகத்தால் மெதுவாக நெருடிப் பாருங்கள். ஓரம் உரிந்து வந்தாலோ, இரு கண்ணாடிக்கு நடுவே உள்ள பட்டையில் வெள்ளையாகக் காற்றுக் குமிழ் தெரிந்தாலோ உஷார். தொட்டி எத்தனை வருடப் பழசு என்பதைவிட, எத்தனை மாதமாக மொட்டை மாடியில் வெயிலில் காய்ந்தது என்பது முக்கியமான கேள்வி. ஓரச் சில்லுகள், குறிப்பாக அடிப் பக்கத்தில், பின்னாளில் விரிசலாகும்.

முன்பக்கக் கீறல்கள் வேறு ரகம். காய்ந்த தொட்டியில் பளிச்சென்று தெரியும் கீறல் தண்ணீர் நிரம்பினால் பாதி மறைந்துவிடும். விலை பேரத்துக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நேரே ஹாலில் வைக்காமல், தரைத்தளத்திலோ மொட்டை மாடியிலோ சமமான இடத்தில், அடியில் தெர்மாகோல் போட்டு, சாதாரணத் தண்ணீர் நிரப்பி மூன்று நாளாவது விட்டுவையுங்கள். ஒரு வாரம் என்றால் இன்னும் நிம்மதி. சுற்றிலும் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கசிந்தால், கசிந்த இடத்தில் மட்டும் புது சிலிக்கானை அப்புவது வேலைக்கு ஆகாது. பழைய சிலிக்கான் மேல் புதியது சரியாக ஒட்டாது. முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். பாத்ரூமுக்கு வாங்கும் சிலிக்கானில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும். அது மீனையும் கொல்லும். மீன் தொட்டிக்கென்றே விற்பதை வாங்கி, வினிகர் வாடை முழுக்கப் போகும் வரை காய விட வேண்டும்.

தூக்கி வருவது தனிக் கலை. குட்டி யானை வண்டி கிடைத்துவிடும்; படிக்கட்டுத் திருப்பம்தான் சோதிக்கும். அபார்ட்மென்ட் லிஃப்ட்டின் உள்ளளவையும் படிக்கட்டின் அகலத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். தொட்டியில் ஒரு கைப்பிடி மணல்கூட இல்லாமல், மேல் பட்டையைப் பிடிக்காமல், அடியில் கை கொடுத்து நாலு பேர் தூக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வில்லன்

பழைய தொட்டி வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அது இதுதான்: ‘இதுல எப்பவாவது காப்பர் மருந்து போட்டீங்களா?’

கடல் மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் தாமிரம் கலந்த மருந்து நன்றாக வேலை செய்யும். மீன் பிழைக்கும். ஆனால் பவளம், இறால், நத்தை, கடல் சாமந்தி போன்ற முதுகெலும்பில்லாத உயிரினங்களுக்கு மிகக் குறைந்த அளவு தாமிரமே எமன். சுண்ணாம்புப் பாறையும் மணலும் அதை உறிஞ்சிவைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். தொட்டி பளபளவென்று இருக்கும், டெஸ்ட்டில் அமோனியா பூஜ்யம் காட்டும், இறால் மட்டும் இரண்டே நாளில் செத்துக் கிடக்கும். ‘மீன் மட்டும்’ வைத்திருந்த தொட்டி என்றால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். அதன் பாறையையும் மணலையும் எடுக்காமல் விடுங்கள். கண்ணாடியைப் பல முறை கழுவி, தண்ணீர் நிரப்பி, தாமிர டெஸ்ட் கிட்டில் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

கழுவும்போது சோப்பு கூடாது. கண்ணாடியில் படிந்த வெள்ளைக் கரைக்கு வினிகரோ சிட்ரிக் அமிலமோ போதும். கிருமி நீக்க பிளீச்சிங் திரவம் பயன்படுத்துபவர்கள், ஒன்றை முழுவதுமாகக் கழுவி வெளியேற்றிய பிறகே மற்றதைத் தொட வேண்டும். பிளீச்சும் வினிகரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் இந்த வேலையைச் செய்தால் ஆஸ்பத்திரிதான்.

சில்லர் வாங்கும்போதும் தாமிரத்தை நினைவில் வையுங்கள். கடல் நீருக்கான சில்லரில் தண்ணீர் தொடும் சுருள் டைட்டானியமாக இருக்க வேண்டும்.

பாறையைச் சுரண்டும் முன்…

விற்பவரின் பாறையில் பழுப்பு நிறப் பொத்தான்கள் போலக் கூட்டமாக ஏதோ முளைத்திருக்கும். பேலித்தோவா அல்லது சோவாந்திட் வகையாக இருக்கலாம். இவற்றில் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற நச்சு உண்டு. இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நச்சுகளில் ஒன்று. தொட்டியில் சும்மா இருக்கும் வரை தொந்தரவு இல்லை. வெறும் கையால் சுரண்டினால், பிரஷ் வைத்துத் தேய்த்தால், எல்லாவற்றையும்விட மோசமாக, ‘கிருமி போகட்டும்’ என்று பாறையைக் கொதிக்கவைத்தால், நச்சு ஆவியோடும் துளியோடும் காற்றில் கலக்கும். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில், வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்தபோது வெளியான இந்த நச்சால் குடும்பத்தினரோடு, உதவிக்கு வந்தவர்களும் சேர்த்து மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்கள்.

முதலில் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் என்று சாதாரண ஃப்ளூ மாதிரி ஆரம்பிப்பதால் பலர் மாத்திரை போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். கடல் தொட்டியில் வேலை பார்த்த அன்று இப்படி வந்தால், டாக்டரிடம் அந்தத் தகவலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தொட்டிப் பக்கமே போக வேண்டாம்.

430 லிட்டர் தண்ணீர் எங்கிருந்து வரும்?

வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொடுக்கும். நிற்காமல் ஓடினாலும் 36 மணி நேரம். ஒவ்வொரு லிட்டருக்கும் மூன்று லிட்டர் கழிவுநீர் என்றால், சாக்கடைக்குப் போவது 1,300 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இது சாதாரண விஷயமில்லை. துணி துவைக்க, வீடு துடைக்க, டாய்லெட்டுக்கு என்று பிடித்துவைத்து, நாலைந்து நாளாகப் பிரித்து நிரப்புவதே நியாயம். குடிப்பதற்கான ஆர்.ஓ. மெஷினில் சுவைக்காகக் கொஞ்சம் தாது கலக்கும் வசதி இருக்கும். அதை மூடிவிட்டு, கடைசியில் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று மாட்டினால் டி.டி.எஸ். பூஜ்யத்தைத் தொடும்.

‘பீச் பக்கத்துலதானே இருக்கு, ரெண்டு கேன் மோந்துட்டு வந்தா போச்சு’ என்று ஒரு நண்பராவது சொல்வார். கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத்தில் மொண்டு வருவதை எந்த மீனும் மன்னிக்காது.

உப்பு, லிட்டருக்குச் சுமார் 38 கிராம். மொத்தம் 16 கிலோவுக்கு மேல். சமையல் உப்பு அல்ல, கடல் தொட்டிக்கான கலவை உப்பு. தனி டிரம்மில் பம்ப் போட்டு ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

அந்த ஒரு நாள்

வசதி இருந்தால் இரண்டு தொட்டியையும் ஒரு மாதம் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிடுவதுதான் சிறந்தது. பெரும்பாலான ஹால்களில் அதற்கு இடமில்லை. பழைய தொட்டி நின்ற மூலையிலேயே புதியதும் நிற்க வேண்டும். அப்போது எல்லாம் ஒரே நாளில்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை முதலில் தள்ளி வைக்க வேண்டும். ‘பழைய தண்ணீர்லதான் நல்ல பாக்டீரியா இருக்கு’ என்பார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட, பாறையிலும் ஃபில்டர் பொருளிலும் மணல் துகள்களிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன. ஆகவே காப்பாற்ற வேண்டியது உங்கள் பழைய பாறையின் ஈரத்தை. விற்பவரின் வண்டியில் அரை நாள் வெயிலில் காய்ந்து வந்த பாறை, உள்ளே இறந்த பஞ்சுயிரிகளும் புழுக்களும் அழுகி, பாக்டீரியாவுக்குப் பதில் அமோனியாவைத்தான் கொடுக்கும்.

அதேபோல் பழைய மணல். ஒன்றரை வருடம் அடியில் கிடந்த மணலைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். ஹைட்ரஜன் சல்பைடு. அந்த மணலை அப்படியே புதிய தொட்டியில் கொட்டியதால் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் ஏராளம். புதிய மணல் போடுங்கள். மனசு கேட்காவிட்டால் மேலாக ஒரு டம்ளர் மட்டும்.

வேலையைக் காலை வெயில் ஏறும் முன் ஆரம்பிப்பது நல்லது. புதிய தண்ணீர் முந்தின நாளே தயாராக, பழைய தொட்டியின் அதே வெப்பநிலையில், அதே உப்பில் இருக்க வேண்டும். மேலாக உள்ள தெளிந்த தண்ணீரைச் சுத்தமான வாளிகளில் எடுத்துக்கொள்ளுங்கள். பவளங்கள் முதலில், தனித்தனி டப்பாக்களில். அடுத்து பாறைகள், தண்ணீரில் மூழ்கியபடி. மீன்கள் கடைசியில். பாறை இருக்கும்போது கோமாளி மீனை வலையில் பிடிக்க முயன்றவர்களுக்குத் தெரியும், அரை மணி நேரம் ஓடும், பிடிபடாது, இரண்டு பேருக்குமே மூச்சு வாங்கும். பாறையை எடுத்துவிட்டால், கொஞ்சம் தண்ணீரில் ஒரே வீச்சு. மீன் வாளியில் பேட்டரி ஏர் பம்ப் ஓடட்டும், மேலே ஒரு துணி மூடட்டும்.

புதிய தொட்டியில் பாறையை முதலில் அடிக் கண்ணாடி மேலேயே உட்காரவைத்து, பிறகு சுற்றிலும் மணல் போட வேண்டும். மணல் மேல் பாறையை வைத்தால், அடியில் தோண்டும் மீனோ இறாலோ ஒரு நாள் அதைச் சரித்துவிடும். தண்ணீர் ஊற்றும்போது ஒரு தட்டின் மேல் ஊற்றினால் மணல் கலங்காது. கலங்கினாலும் ஒரு நாளில் தெளியும். மீன்களை விடும் முன், புதுத் தண்ணீரை அவற்றின் வாளிக்குள் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் சேர்த்துப் பழக்க வேண்டும்.

அடுத்த இரண்டு வாரம் தினமும் அமோனியா டெஸ்ட். கடல் நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், நன்னீரைவிட இங்கே அதே அளவு அமோனியா அதிக விஷம். நிறம் லேசாக மாறினாலே கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள். இவ்வளவு பெரிய இடம் காலியாக இருக்கிறதே என்று கை பரபரக்கும். ஆறு வாரமாவது கொளத்தூர் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம்.

வெளிச்சம், வெயில், கரன்ட்

புதிய தொட்டியோடு வந்த லைட் பெரும்பாலும் பழையதைவிடப் பலமானது. முதல் நாளே முழு வெளிச்சம் கொடுத்தால் பவளம் தன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியேற்றி வெளிறிப்போகும். 2016 கோடையில் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளிறியதும் இதே இயக்கம்தான். அங்கே காரணம் வெப்பம். பாதி வெளிச்சத்தில் ஆரம்பித்து மூன்று நாலு வாரத்தில் ஏற்றினால் போதும்.

மே மாதத்தில் அறை 34 டிகிரி இருக்கும்போது தண்ணீர் 26-இல் நிற்க வேண்டும். மேற்பரப்பில் ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரி குறையும், அதுவும் சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவாகக் குறையாது. சில்லர் தேவை. அது தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அப்படியே அறைக்குள் தள்ளும் என்பதால் ஸ்டாண்டுக்குள் அடைத்து வைக்கக் கூடாது. சில்லர், லைட், பம்புகள், ஸ்கிம்மர் எல்லாம் சேர்த்து ஒரு உத்தேசக் கணக்கில் தினம் ஆறரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் அருகே வரும். ஏற்கெனவே உள்ள பயன்பாட்டோடு சேர்ந்து 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். இதை வீட்டில் உள்ளவர்களிடம் முதல் பில் வரும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கரன்ட் போனால் முதலில் தீர்வது ஆக்ஸிஜன். சூடான தண்ணீரில் அது குறைவாகவே கரையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் சில்லரைத் தாங்காது, ஒரு சின்ன அலை பம்பைத் தாங்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று டிராயரில் இருக்கட்டும்.

கரன்ட் போகும்போது நடக்கும் இன்னொரு விஷயம், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும் விஷயம். பம்ப் நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி சம்ப்புக்குள் இறங்கும். சம்ப்பில் அதற்கு இடம் இல்லையென்றால் ஹால் தரைதான். இதைச் சோதிப்பது எளிது. எல்லாம் மாட்டி முடித்த அன்றே, பகலில், பக்கத்தில் வாளியோடு நின்றுகொண்டு மெயினை அணைத்துப் பாருங்கள். சம்ப்பில் தண்ணீர் எங்கே வந்து நிற்கிறதோ அங்கிருந்து கணக்கிட்டு, சாதாரண நாளில் எவ்வளவு உயரம் வைக்கலாம் என்று மார்க்கரில் ஒரு கோடு போட்டுவிடலாம். பிளக்குகளுக்குப் போகும் ஒயர் ஒவ்வொன்றும் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும். ஒயர் வழியே வழியும் உப்புத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அந்த லைனில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டிய பிறகுதான் தொட்டிக்குள் கை விட வேண்டும்.

காலியான இரண்டடி தொட்டி?

பலர் அதை அடுத்த வாரமே விற்கப் போட்டுவிடுகிறார்கள். வைத்துக்கொள்வது லாபம். புதிதாக வாங்கும் ஒவ்வொரு மீனையும் பெரிய தொட்டியில் விடும் முன் நாலைந்து வாரம் தனியாக வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். பாறை, மணல் வேண்டாம். வெள்ளைப் புள்ளி வந்தால் மருந்தும் இங்கேதான் போட வேண்டியிருக்கும். போட்டால், அன்றே பின்பக்கக் கண்ணாடியில் அழியாத மார்க்கரில் ‘காப்பர் போட்டது’ என்று தேதியோடு எழுதி வையுங்கள். நாளைக்கு இதை வாங்க வருபவரும் அதைத்தான் முதலில் கேட்பார்.